தூக்கம் கரெக்டு, சாரே

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதைக் குறைவு. முப்பது வருடத்துக்கு மேல் டாக்டராக இருந்தவன், எத்தனையோ ஆயிரம் கைகளில் பிரஷர் பட்டையைச் சுற்றியவன், கடைசியில் சொந்த மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து, சொந்த ஜனங்களிடம் ஒரே ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியாமல் இருந்தேன். அந்தக் கேள்வி: "தூக்கம் எப்படி?"

இதில் என்ன தப்பு என்று யோசிக்கிற டாக்டர் தம்பிமார்களும் தங்கைமார்களும் வெளி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துக்காரர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள்.

நான் நாஞ்சில் நாட்டில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஓர் ஊரில் பிறந்தவன். எங்கள் வீட்டில் யாரும் தூங்கியதே கிடையாது. எல்லோரும் உறங்கினார்கள். மதுரைக்கு மருத்துவம் படிக்கப் போன புதிதில் ஹாஸ்டலில் ஒருநாள், "எனக்கு ஒறக்கம் வருது" என்று சொல்லிவிட்டேன். படுத்திருந்த அறைத்தோழன் எழுந்து உட்கார்ந்தான். "ஏண்டா, செய்யுள்லயா பேசுவீங்க உங்க ஊர்ல?" என்றான். அன்றிலிருந்து எனக்குப் புலவர் என்று பெயர். அந்தப் பட்டத்தைத் துறப்பதற்காகவே உறக்கத்தை விட்டுத் தூக்கத்துக்கு மாறினேன். திண்டுக்கல், தேனி, விருதுநகர் என்று சுற்றிவிட்டு, ஓய்வுக்குச் சில வருடங்களே இருக்கும்போது மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். அப்போது என் நாக்கில் தூக்கம் நன்றாக வேர்பிடித்திருந்தது.

மார்த்தாண்டம் பக்கம் தூக்கம் என்றால் எடை. தராசில் வைத்துப் பார்க்கிற எடை. போதாக்குறைக்கு, பங்குனியில், இங்கத்துக் கணக்கில் மீன மாதத்தில், அம்மன் கோயில் நேர்ச்சைக்காகக் கைக்குழந்தையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் உயரமான மரத்தேரில் தொங்கி வருவார்களே, அந்தத் திருவிழாவுக்கும் தூக்கம் என்றே பெயர். படுத்துக் கண்ணை மூடுவதற்கு இங்கே ஒறக்கம். சின்ன வயதில் எனக்கும் தெரிந்ததுதான். மதுரையில் எங்கேயோ விழுந்துவிட்டது.

வந்த புதிதில் ஓர் அம்மாவிடம் கேட்டேன். "தூக்கம் உண்டாம்மா?"

"உண்டு டாக்டரே."

"தினமும் உண்டா?"

"தினமும் எங்க? வருசத்துக்கு ஒருக்கதான். மீனத்துல."

நான் கொஞ்சம் விளையாட்டுப் பேர்வழி என்பது அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியிருந்தது. அதனால் அந்த அம்மா என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா சிஸ்டர், நாஞ்சில் நாட்டுக்காரரான டாக்டர் தெரிந்தேதான் குறும்பு பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கிறோமே என்று அந்த அம்மாவும் சிரித்தார். மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அந்த நாட்களில் வந்தவர்தான் சுயம்பு. மார்த்தாண்டம் சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாழைக்குலை ஏற்றிப் போகும் மினி லாரி ஓட்டுநர். வண்டியும் அவருடையதே. நாற்பதைத் தாண்டிய வயது, காளைக் கழுத்து, நெற்றியில் தீச்சுடர் போல வெள்ளை நாமம், கூடவே மனைவி கனகம். பிரஷர் மேலே இருநூறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தூக்கம் எப்படி?" என்றேன்.

"தூக்கம் கரெக்டு, சாரே. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

எனக்கு ஒரே சந்தோஷம். நம்மிடம் வருகிறவர்களில் தூக்கத்தைப் பற்றி இத்தனை தெளிவாகப் பதில் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? மாத்திரை எழுதினேன். அடுத்த முறை வந்தபோது பிரஷர் அசையவில்லை. அளவைக் கூட்டினேன். அசையவில்லை. இன்னொரு மாத்திரை சேர்த்தேன். அதற்கும் அடுத்த முறை, உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றுகிற மாத்திரை ஒன்றையும் சேர்த்தேன். அதைக் காலையில் போடச் சொன்னால் வண்டியை அடிக்கடி ஓரங்கட்ட வேண்டியிருக்குமே, பாவம் என்று பெரிய மனது பண்ணி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன். இந்தக் கருணையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் தூக்கத்தைக் கேட்கத் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் கரெக்டாகவே இருந்தது.

எனக்கு மதுரையில் ஒரு பேராசிரியர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். நான் அவருடைய மாணவன் என்று வெளியே தெரிவதை அவர் விரும்ப மாட்டார். "மருந்து கேட்கலைன்னா முதல்ல உன்னைச் சந்தேகப்படு. அப்புறம் மருந்தைச் சந்தேகப்படு. நோயாளியைக் கடைசியா வச்சுக்கோ" என்பார். நான் நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"போடுதேன் சாரே."

"கருவாடு?"

"வீட்டு நடைக்குள்ள ஏத்தல்ல" என்றார் கனகம்.

"ஊறுகாய், அப்பளம்?"

"உப்பில்லாத்த கஞ்சி குடிச்சுக் குடிச்சு எனக்க நாக்கே செத்துப்போச்சு சாரே."

"அப்போ பொய் சொல்றது யாரு? நீங்களா, இந்த மிஷினா?"

கனகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்க கையாலயாக்கும் மாத்திர எடுத்துக் குடுக்கேன். அவரு பொய்யின்னா நானும் பொய்யா? ஆஸ்பத்திரிக்கு நல்ல மிசினா ஒண்ணு வாங்கிப் போடுங்க டாக்டரே."

நான் வேறொரு மிஷினைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அதுவும் அதே அளவைக் காட்டியதே தவிர, கனகத்துக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை. நம் திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சுயம்பு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், கையில் பட்டை. நான் காதில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக் காற்றை ஏற்றிவிட்டு மெதுவாக இறக்குகிறேன். திடீரென்று அவர் தலை தொங்கியது. தொண்டையிலிருந்து மரம் அறுக்கிற சத்தம். பிறகு சத்தம் நின்றது. மூச்சும் நின்றது. நெஞ்சு மட்டும் உள்ளுக்குள் இழுத்து இழுத்துப் பார்க்கிறது, காற்று போகவில்லை.

ஸ்ட்ரோக் என்று முடிவு செய்துவிட்டேன். இத்தனை நாள் இறங்காத பிரஷர் கடைசியில் மூளையில் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்தேன். நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்து, "ஸ்ட்ரெச்சர்! ஆக்சிஜன்!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் பாதிப்பேர் வெளியே ஓடினார்கள், மீதிப்பேர் வேடிக்கை பார்க்க உள்ளே வந்தார்கள்.

சுயம்பு, தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுப்பவர் போல ஒரு பெரிய மூச்சை இழுத்துக் கண்ணைத் திறந்தார்.

"எவ்வளவு உண்டு சாரே, பிரஷரு?"

கனகம் இருந்த இடத்தை விட்டு அசையக்கூட இல்லை.

"வெப்ராளப்படாதிய டாக்டரே. ஒறங்கிட்டாரு, அவ்வளவுதான்."

"உறங்கினாரா? மூச்சு நின்னுபோச்சும்மா!"

"அது எப்பளும் உள்ளதாக்கும். நிக்கும். நான் வெலாவுல ஒரு இடி குடுப்பேன். திரும்ப வரும்."

"எத்தனை நாளா?"

"வருசக்கணக்காட்டு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?"

"ஒறக்கத்தப் பத்தி நீங்க ஒருக்கலாவது கேட்டியளா?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனே! தூக்கம் எப்படின்னு கேட்டேனே!"

சுயம்பு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுக்குத்தானே சாரே, தூக்கம் கரெக்டுன்னு சொன்னேன்? வெளிய கெடக்குத மிசின்ல ஏறி நின்னு பாத்துட்டுல்லா ஒவ்வொருக்கயும் உள்ள வாறேன்."

நான் ஸ்டெல்லா சிஸ்டரைப் பார்த்தேன். "நீங்க வெளையாட்டுக்குக் கேக்குதியன்னுல்லா நெனச்சேன் சாரே" என்றார் அவர். எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. நாற்காலி தரையில் கிடந்தது.

தம்பிமார்களே, புத்தகத்தில் உள்ளதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சுயம்புவுக்கு அன்று சொன்ன மாதிரியே சொல்கிறேன். நல்ல உறக்கத்தில் பிரஷர் கொஞ்சம் இறங்கும். இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் அதுதான் ஓய்வு. சுயம்புவுக்கு அந்த ஓய்வே கிடைக்கவில்லை. கண்ணயர்ந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூச்சு நிற்கும். முங்கிச் சாகப்போகிறோம் என்று உடம்பு பயந்து மணியடிக்கும், பிரஷர் எகிறும், அரைகுறையாக விழிப்பு வரும். மறுபடியும் கண்ணயர்வார், மறுபடியும் மணி. இரவெல்லாம் இதே கதை. விடிந்த பிறகும் அந்தப் பயம் உடம்பை விட்டுப் போவதில்லை. அதன் மேல்தான் நான் மாத்திரை மாத்திரையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் மிச்சமிருந்த கொஞ்ச உறக்கத்தையும் என் கருணை எழுப்பிவிட்டு, சிறுநீர் கழிக்கக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கெட்ட உறக்கம் பிரஷரை ஏற்ற, பிரஷருக்குக் கொடுத்த மாத்திரை உறக்கத்தைக் கெடுக்க, இரண்டும் மாறி மாறித் தள்ளிக்கொண்டே போக, நடுவில் நான் எழுதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கனகத்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது. குறட்டை விட்டால் ஆள் அசந்து உறங்குகிறான் என்றுதான் நாம் எல்லோருமே நினைக்கிறோம். என் சொந்தக் குறட்டையைப் பற்றி நானே வீட்டில் அப்படித்தான் பெருமை அடித்திருக்கிறேன்.

அறையில் இருந்த கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். இம்முறை தாய்மொழியில்.

"வண்டி ஓட்டும்போது ஒறக்கம் வருமா?"

சுயம்பு தரையைப் பார்த்தார். கனகம் அவரைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"பிளாக்குல நிக்கும்போ... கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"பின்னால உள்ளவன் ஹாரன் அடிச்சா முழிச்சிருவேன்."

"ஓடிக்கிட்டிருக்கும்போது?"

கனகம் பக்கம் திரும்பாமல், "களியக்காவிளை பக்கம் ஒருக்க மதிலுல லேசா ஒரசிச்சு" என்றார்.

கனகம் எழுந்துவிட்டார். "மாடு குறுக்க வந்துன்னுல்லா எனக்கிட்ட சொன்னிய?"

"மாடும் உண்டுட்டி."

வெளியே ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய மினி லாரி நின்றது. ஏத்தன் குலையும் செந்துளுவன் குலையும் உச்சி வரை அடுக்கி, கயிறு போட்டு, திருவனந்தபுரத்துக்குத் தயாராக. மாத்திரை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்புவதாகத் திட்டம். இந்த நேரத்தில் நாம் எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது: "பாத்து ஓட்டுங்க." நம் மருந்துக் கடைகளில் கிடைக்காத மருந்து அது ஒன்றுதான். எந்த நோய்க்கும் எழுதலாம், யாரும் போட மாட்டார்கள், டாக்டருக்கு மட்டும் நிம்மதி. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவுக்கு வெளியே, "உள்ள என்ன சமையலா நடக்கு?" என்று வரிசையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். களியக்காவிளை மதில் நினைவுக்கு வந்தது. அன்று மதிலுக்குப் பதிலாக ஒரு மனிதர் சைக்கிளில் வந்திருந்தால்?

"நான் சொல்ற வரைக்கும் இந்த வண்டியை எடுக்கக் கூடாது" என்றேன்.

சுயம்பு சிரித்தார். நான் வழக்கம்போல விளையாடுகிறேன் என்று நினைத்தார். எந்நேரமும் வேடிக்கை பேசுகிற டாக்டருக்கு இது ஒரு தண்டனை: உண்மையைச் சொல்லும்போது நோயாளி கைதட்டுவார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகு அவர் முகம் மாறியது.

"வண்டி ஓடல்லேன்னா வீடு ஓடாது சாரே. வேற ஒரு தொழிலும் எனக்கு அறியாது."

சாவியை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை. கனகம்தான் கையை நீட்டிக் கணவரின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார்.

"ஏட்டி, குலை பழுத்துப்போவும்."

"பழுக்கட்டு."

அன்றிரவு எனக்கு ஒரு பொட்டு உறக்கம் இல்லை. ஓர் ஆளின் பிழைப்பை நிறுத்திவிட்டு வந்து படுத்தால் உறக்கம் எங்கிருந்து வரும்? பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் சந்தைக்காரர்கள் என்னைக் குலையோடு கட்டித் தொங்கவிடுவார்கள் என்றுகூட யோசித்தேன். மறுநாள் காலை தலை கனத்தது. ஸ்டெல்லா சிஸ்டர் என் பிரஷரைப் பார்த்துவிட்டு, "சாரே, இது சுயம்புவுக்க பிரஷருல்லா?" என்றார். ஒரே ஒரு கெட்ட ராத்திரி செய்கிற வேலை அது. ஆகவே ஒன்று சொல்கிறேன்: உறங்காமல் வந்த ஆளின் ஒரு நாள் அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டாதீர்கள். உறங்காமல் வந்த டாக்டர் நீங்களாக இருந்தால் யாருக்குமே எதையும் கூட்டாதீர்கள்.

நாகர்கோவிலில் சிறப்பு மருத்துவர் ஒருவர் சுயம்புவை ஒரு ராத்திரி படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் மாட்டிப் பரிசோதித்தார். நான் பயந்ததைவிட மோசமாக இருந்தது. இரவில் அவர் உறங்கியதே கொஞ்சம் என்றார். மூக்கில் மாட்டிக்கொள்ளும் மூடியும், காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிற மிஷினும் வந்தன. அதை மாட்டியதும் சுயம்பு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆனைக்க தும்பிக்கய எடுத்து வச்ச மாதிரி இருக்கு. இதோட எவன் படுப்பான்?" என்று கழற்றி எறிந்தாராம். கனகம் மாட்டிவிடுவார், அவர் உறக்கத்தில் பிடுங்குவார், கனகம் மறுபடி மாட்டிவிடுவார். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினேன். அந்த மாதங்களில் அவர் சந்தையில் வாழைக்குலைக்குத் தூக்கம் பார்க்கிற வேலைக்குப் போனார். இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. கடவுளுக்கும் நம் அளவுக்கு வேடிக்கை உண்டு.

மிஷின் வந்ததும் மாத்திரையெல்லாம் குப்பைக்குப் போனது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் பொய். பிரஷர் மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு மாத்திரையைக் குறைத்தேன், மற்றவை தொடர்ந்தன. ஆனால் ஆள் மாறிவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தால் கண் பளிச்சென்று இருக்கும். நான் பட்டையைச் சுற்றும்போது அவர் எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

நாகர்கோவில் மருத்துவரும் மறுபடி பார்த்துவிட்டு, இனி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். நானும் சொன்னேன். சுயம்பு முகமெல்லாம் பல்லாக மனைவியிடம் கையை நீட்டினார்.

"தரமாட்டேன்" என்றார் கனகம்.

"டாக்டரு சொல்லியாச்சுல்லா?"

"சொல்லுவாரு. தூக்கம் கரெக்டுன்னு கேட்டுத் தலையாட்டினவரும் இவருதானே." பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க இவருக்க வண்டியில ஏறுவியளா?"

"ஏறுவேனே" என்றேன். வாய் சொல்லிவிட்டது.

"மத்தியானம். வயிறு நெறைய சோறு தின்னுட்டு, அந்த வெயிலுல. நாகர்கோவிலு வர. பெறவு சாவி தாறேன்."

நாம் எழுதுகிற தகுதிச் சான்றிதழ் எதிலும் இப்படி ஒரு நிபந்தனை கிடையாது. எழுதுகிறவனே வண்டியில் ஏறி உட்கார வேண்டும் என்று விதி இருந்தால் நாம் இன்னும் யோசித்துக் கையெழுத்துப் போடுவோம் என்று தோன்றுகிறது.

மத்தியானச் சோறு கனகம் வீட்டிலேயே. சுயம்புவுக்கு மூன்றாம் முறையும் சோற்றை அள்ளி வைத்தார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சாவியை என் கையில்தான் தந்தார். நான் அதை சுயம்புவிடம் கொடுத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி, மேலே இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். பின்னால் குலைகள்.

மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டும் வரை பயமில்லை. அங்கே வண்டி நகர்ந்தால்தானே. சாலை காலியானதும் என் வேலையை ஆரம்பித்தேன். நான் சாலையைப் பார்க்கவே இல்லை, சுயம்புவின் இமையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏத்தன்குலை விலை கேட்டேன். ரப்பர் விலை கேட்டேன். மதுரையில் புலவர் பட்டம் வாங்கிய கதையைச் சொன்னேன். அழகியமண்டபம் தாண்டியபோது ஒரு ஜோக் சொன்னேன், தக்கலையில் அதையே மறுபடியும் சொன்னேன். அவர் இமைத்தால்கூட, "சுயம்பு?" என்பேன். "சொல்லுங்க சாரே" என்பார். முன்னால் போகிற பஸ் என்ன நிறம் என்று கேட்டேன். எங்கள் ஊர்க் கோயில் கொடை வரவுசெலவைச் சொல்லிக் கூட்டிக் கழிக்கச் சொன்னேன். வில்லுக்குறி வரும்போது என் தொண்டை கட்டிவிட்டது. இரண்டு பக்கமும் வயல், ஜன்னலில் நல்ல காற்று. பேச விஷயம் தீர்ந்துபோய், தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினேன்.

சுயம்பு சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"சாரே, நீங்க கொஞ்சம் ஒறங்குங்க."